சர்வீஸ் ரைபிளுக்கு ஓர் உதிரிப் பெட்டி

ஏஆர்-15 ரைபிளை வீட்டில் நாமே பூட்டிச் சேர்ப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது, எப்போது மாட்டப்பட்டது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அதோடு ஒரு பொறுப்பும் வருகிறது: தொழிற்சாலையில் முழுதாகச் செய்து வந்த துப்பாக்கி என்றால் ஒரே கம்பெனியைக் கேட்கலாம், நாம் சேர்த்ததற்கு நாம்தான் கம்பெனி. அதனால் உதிரிப் பாகங்களை யோசித்துத்தான் வாங்க வேண்டும். "ஃபீல்டு கிட்" என்று கடையில் விற்கும் பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் ரைபிளுக்கு எது தேவை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒரு பெட்டி சேர்த்தேன். அதைப் பற்றியது இந்தப் பதிவு.

முதலில் ரைபிள். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில், ராணுவ ரைபிள் வடிவத் துப்பாக்கிகளால் சுடும் சர்வீஸ் ரைபிள் போட்டிகளுக்காகச் சேர்த்தது. 20 அங்குல பேரல், தோளில் ஊன்றும் நீளமான ஏ2 பாணிக் கட்டை, இரண்டு கட்டமாக இழுக்கும் டிரிக்கர், மேலே 4.5 மடங்கு ஸ்கோப். இந்தப் பிரிவில் 2016 முதல்தான் ஸ்கோப்பை அனுமதிக்கிறார்கள், 4.5 மடங்குக்கு மேல் கூடாது. டிரிக்கர் குறைந்தது 4.5 பவுண்டு எடையைத் தாங்க வேண்டும். யூஜீன் ஸ்டோனர் ஆர்மலைட்டில் இருந்தபோது வரைந்த வடிவமைப்பு இது. 1959இல் கோல்ட் நிறுவனம் உரிமையை வாங்கியது. அதன் காப்புரிமை 1977இல் முடிந்த பிறகு எத்தனையோ நிறுவனங்கள் ஒரே அளவில் பாகங்கள் செய்யத் தொடங்கிவிட்டன. ஒருவருடைய போல்ட்டும் (தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் பாகம்) இன்னொருவருடைய பேரலும் மூன்றாமவருடைய டிரிக்கரும் ஒன்றாக ஓடுவது அதனால்தான். ஆனால் ஓடும் என்பதும் சரியாகப் பொருந்தும் என்பதும் வேறு வேறு. இந்தப் பெட்டியைச் சேர்க்கும்போது என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த வித்தியாசம்தான்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. இந்த ரைபிளில் வரிசை எண் பொறித்த லோயர் ரிசீவர் (டிரிக்கர் உட்காரும் கீழ்ப்பாகக் கூடு) மட்டும்தான் அமெரிக்க மத்திய சட்டப்படி துப்பாக்கி. அதை உரிமம் பெற்ற கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்துதான் வாங்கினேன். மற்ற பாகங்களைச் சாதாரணப் பொருள் போல வாங்கலாம் என்றாலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் அந்தத் தடை இல்லை. நம்மவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை என்பதால் சொல்கிறேன்.

சரி, உதிரி எதற்கு? போட்டியில் நேரம் கறாரானது. 200 கெஜத்தில் உட்கார்ந்து 60 விநாடிக்குள் பத்து தோட்டா, 300 கெஜத்தில் படுத்து 70 விநாடிக்குள் பத்து. இரண்டிலும் நடுவில் மேகசீன் மாற்ற வேண்டும். நின்று சுடும் பத்தையும் 600 கெஜத்தில் படுத்து நிதானமாகச் சுடும் இருபதையும் சேர்த்து மொத்தம் 50. ரைபிள் கோளாறால் ஒரு சுற்று கெட்டால் திரும்பச் சுட வாய்ப்புக் கேட்கலாம். ஆனால் கோளாறைச் சரி செய்யாமல் திரும்பப் படுத்து என்ன பயன்? அதனால் உதிரியை மூன்று கேள்வி கேட்டுத்தான் தேர்ந்தெடுத்தேன். இந்தப் பாகம் தேயுமா, அல்லது தொலையுமா? மைதானத்தில், புல் தரையில், கையில் இருக்கும் இரண்டு மூன்று கருவிகளை வைத்து மாற்ற முடியுமா? மாற்றிய பிறகு அளந்து சோதிக்காமல் சுடலாமா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அது வீட்டு அலமாரிக்கு. மைதானப் பைக்கு அல்ல.

வேலையைத் தொடங்கும் முன் வழக்கமான ஒழுங்கு: மேகசீன் வெளியே, பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது, தோட்டாப் பெட்டிகள் வீட்டின் வேறு அறையில். அப்புறம்தான் போல்ட்டைத் தாங்கி முன்னும் பின்னும் ஓடும் போல்ட் கேரியரை உருவி மேசையில் வைத்தேன்.

பெட்டியில் முதல் இடம் எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்குக்கு. சுட்ட பிறகு காலிக் கூட்டை அறையிலிருந்து பிடித்து இழுப்பது எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்ன நகம். அது கூட்டின் விளிம்பை விடாமல் கவ்வ வைப்பது அதன் அடியில் இருக்கும் குட்டி ஸ்பிரிங். சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கித் தாங்கி அது தளரும். ஒரே நாளில் நின்றுவிடாது என்பதுதான் சிக்கல். காலிக் கூடுகள் விழும் இடத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தால் முன்கூட்டியே தெரியும். வழக்கமாக வலப்பக்கம் சற்றுப் பின்னால், கடிகாரத்தில் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் குவியும். அந்தக் குவியல் சிதறத் தொடங்கினால், சில கூடுகள் பக்கத்திலேயே சோர்ந்து விழுந்தால், நான் முதலில் பார்ப்பது இந்த ஸ்பிரிங்கைத்தான்.

மாற்றுவது எளிது. ஃபயரிங் பின்னை உருவிய பிறகு, எக்ஸ்ட்ராக்டரைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, அந்த ஃபயரிங் பின்னின் முனையாலேயே எக்ஸ்ட்ராக்டர் பின்னைத் தள்ளலாம். தனிக் கருவி தேவையில்லை. பழைய ஸ்பிரிங்கை வெளியே எடுத்துப் புதியதன் பக்கத்தில் மேசையில் நிற்க வைத்தேன். பழையது ஒரு மயிரிழை குட்டை. உள்ளே இருந்த கறுப்பு ரப்பர் செருகு ஒரு ஓரத்தில் நசுங்கிப் பளபளத்தது. விரலால் அழுத்தினால் வித்தியாசம் இன்னும் தெளிவு: புதியது எதிர்த்து நிற்கிறது, பழையது இணங்கிப் போகிறது. சிலர் ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு ஓ-ரிங்கும் போடுவார்கள். குட்டைப் பேரல் துப்பாக்கிகளில், கேரியரைப் பின்னுக்குத் தள்ளும் வெடிமருந்து வாயு சீக்கிரமும் வேகமாகவும் வருவதால் அங்கே அதற்கு நியாயம் உண்டு. 20 அங்குல பேரலில், நீளமான வாயுக் குழாயில், தேவையே இல்லை. நல்ல ஸ்பிரிங், செருகோடு சேர்த்து இரண்டு ஜோடி பெட்டியில் போட்டேன். முழு எக்ஸ்ட்ராக்டர் ஒன்றும், அதன் பின் ஒன்றும் கூடவே. நகத்தின் நுனி உடைவது அரிது. ஆனால் உடைந்தால் வேறு வழியில்லை, இடமும் அடைக்காது.

அடுத்து கேஸ் ரிங்குகள். போல்ட்டின் வால் பக்கத்தில் மூன்று மெல்லிய வளையங்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். வாயு பின்னால் கசியாமல் கேரியரைத் தள்ள வைப்பது இவைதான். சோதனைக்கு அளவுகோல் எதுவும் வேண்டாம். போல்ட்டை முன்னால் இழுத்துவிட்டு, போல்ட் முகம் கீழே படும்படி முழுத் தொகுப்பையும் மேசையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். கேரியர் அப்படியே நின்றால் வளையங்கள் நலம். தன் எடையிலேயே சரிந்து போல்ட் மேல் இறங்கினால் மாற்றும் நேரம். என்னுடையது நின்றது, ஆனால் லேசாகத் தட்டியதும் இறங்கியது. இன்னும் கொஞ்ச காலம் ஓடும்தான். விலை மலிவு, வேலை ஐந்து நிமிடம், காத்திருக்க என்ன இருக்கிறது? வளையத்தின் ஒரு முனையை ஊசியால் தூக்கிச் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தேன், புதியவற்றையும் அப்படியே சுற்றி ஏற்றினேன். மூன்று வளையங்களின் இடைவெளிகளும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிட்டால் துப்பாக்கி நின்றுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. ஓடும்போது வளையங்கள் தாமே நகர்ந்துகொள்ளும்; அதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. ஒரு செட் பெட்டிக்குள் போனது.

ஃபயரிங் பின், அதைப் பிடித்து நிறுத்தும் ரிடெய்னிங் பின், கேம் பின் ஆகிய மூன்றையும் ஒரு சின்னக் குப்பியில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஃபயரிங் பின் நுனி குழிபட்டாலோ சிதைந்தாலோ தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பிரைமர் துளைபடலாம். புதிய பின்னைப் பெட்டியில் போடும் முன் போல்ட்டில் மாட்டி, நுனி வெளியே எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்தேன். 0.028 முதல் 0.036 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், இருந்தது. ரிடெய்னிங் பின் உடைவதை விடத் தொலைவது அதிகம். சுத்தம் செய்யும்போது கையிலிருந்து நழுவிப் புல்லுக்குள் போனால் கிடைக்காது. வன்பொருள் கடையில் விற்கும் காட்டர் பின் பார்க்க அதே மாதிரி இருக்கும். அதை இங்கே போடவே கூடாது. அதன் உலோகமும் அளவும் இந்த வேலைக்கு ஆனவை அல்ல.

கேம் பின்னைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. போல்ட்டைச் சுழற்றிப் பூட்டுவது அதுதான். அது இல்லாமல் தொகுப்பைச் சேர்த்துவிட்டாலும் துப்பாக்கி வெடிக்கும் நிலைக்கு வரக்கூடும். பூட்டு இல்லாமல் வெடித்தால் ரிசீவரே பிளந்துவிடும். ராணுவக் கையேட்டில் இதற்குத் தனி எச்சரிக்கையே இருக்கிறது. சேர்த்து முடித்ததும் கேம் பின்னை நான் தொட்டுப் பார்க்காமல் மேல்பாகத்தில் கேரியரை நுழைப்பதில்லை.

அடுத்தது போல்ட். உதிரிகளிலேயே விலை உயர்ந்ததும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கார்பென்டர் 158 என்ற எஃகில் செய்து, அதிக அழுத்தத் தோட்டாவால் சோதித்து, காந்தத் துகள் மூலம் விரிசல் பார்த்த போல்ட் என்று விளம்பரத்தில் இருக்கும். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தப் போல்ட் என் பேரலோடு எப்படி உட்காருகிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. போல்ட் முகத்துக்கும் அறையில் தோட்டா தங்கும் இடத்துக்கும் உள்ள தூரம் ஹெட்ஸ்பேஸ். பேரல் ஒரு நிறுவனம், போல்ட் இன்னொரு நிறுவனம் என்று சேர்த்த ரைபிளில் இதை ஊகத்துக்கு விட முடியாது.

புதிய போல்ட்டிலிருந்து எக்ஸ்ட்ராக்டரையும், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றினேன். அவற்றின் ஸ்பிரிங் அழுத்தம் இருந்தால் அளவு ஏமாற்றும். அறையையும், போல்ட்டின் பூட்டுப் பற்களான லக்குகள் உட்காரும் இடத்தையும் பஞ்சால் துடைத்துவிட்டு, குறைந்தபட்ச அளவுக்கான "கோ" கேஜை வைத்து மூடினேன். எடையே இல்லாமல் மூடியது. அளவு மிஞ்சியிருக்கிறதா என்று காட்டும் "நோ-கோ" கேஜை வைத்தேன். விரல் அழுத்தத்தில் நின்றுவிட்டது, மூடவில்லை. இரண்டும் வேண்டியபடி. அதன் பிறகுதான் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பயிற்சி நாளில் அந்தப் போல்ட்டைப் போட்டுச் சுட்டு, கூடுகள் விழும் இடம் மாறவில்லை, பிரைமரில் அடையாளம் ஒழுங்காக இருக்கிறது என்று பார்த்தேன். இப்போது அது எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, எந்தப் பேரலுக்கு அளந்தது என்ற சீட்டோடு பெட்டியில் இருக்கிறது. பேரலை மாற்றும் நாளில் அந்தச் சீட்டு செல்லாது. திரும்ப அளக்க வேண்டும்.

ஓடும் போல்ட்டில் எங்கே விரிசல் வரும் என்று தெரிந்துகொள்வதும் நல்லது. கேம் பின் ஓட்டையைச் சுற்றி உலோகம் மெலிந்திருக்கும், அது ஓர் இடம். எக்ஸ்ட்ராக்டரின் இரு பக்கத்திலும் உள்ள லக்குகள் இன்னோர் இடம். நன்றாகத் துடைத்து, ஒரு பூதக்கண்ணாடியும் சாய்வாகப் பிடித்த டார்ச்சும் வைத்துப் பார்த்தால் முடி போன்ற கோடு கூடத் தெரியும். என் போல்ட்டில் எதுவும் இல்லை.

எஜெக்டர் ஸ்பிரிங்கும் அதன் ரோல் பின்னும் வீட்டு அலமாரிக்குப் போயின. அதை மாற்ற எஜெக்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டே ரோல் பின்னைத் தட்ட வேண்டும். பெஞ்ச் வேண்டும், பின்னைத் தட்டும் சரியான பஞ்ச் கருவி வேண்டும். மைதானத்தில் நடக்காத வேலை. தவிர, எஜெக்டர் சோம்பலாக வேலை செய்தால் பெரும்பாலும் ஸ்பிரிங் காரணமாக இருக்காது. ஓட்டைக்குள் பித்தளைத் துகள் சேர்ந்திருக்கும். துளி கரைப்பானை விட்டு, எஜெக்டரைப் பலமுறை அழுத்தி விட்டால் மஞ்சள் துகள்கள் வெளியே வரும்.

இனி உடையாத, ஆனால் பறக்கும் பாகங்கள். மேல்பாகத்தையும் கீழ்ப்பாகத்தையும் இணைக்கும் முன் பிவட் பின்னை நகராமல் பிடிக்கும் டிடென்ட் அரிசி மணி அளவுதான் இருக்கும். அடியில் ஒரு ஸ்பிரிங். பின்னைக் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் அது அறையின் எந்த மூலைக்கும் போகும். பின்பக்கப் பின்னின் டிடென்ட் ஸ்பிரிங்கைக் கட்டைதான் பிடித்து நிறுத்துகிறது. கட்டையைக் கழற்றினால் அதுவும் கிளம்பிவிடும். பாதுகாப்பு நெம்புகோலின் டிடென்ட்டும் ஸ்பிரிங்கும் கைப்பிடிக்கு அடியில். பஃபர் ரிடெய்னர், அதன் ஸ்பிரிங், போல்ட் கேட்ச்சின் பிளஞ்சர், அதன் ஸ்பிரிங். இவை எல்லாம் சேர்ந்து விலையில் ஒரு சாப்பாட்டுக்கு ஆகாது. ஒன்று தொலைந்தால் ரைபிள் அன்றைக்கு ஓய்வு. அதனால் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு. கட்டையைக் கழற்ற வேண்டியிருந்தால் ரைபிளை ஒரு பெரிய தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கழற்றுகிறேன். பறந்தாலும் பைக்குள்தான் விழும்.

டிரிக்கரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொது உதிரித் தொகுப்புகளில் வரும் ஹேமர் ஸ்பிரிங்கும் டிரிக்கர் ஸ்பிரிங்கும் சாதாரண ஒற்றைக் கட்ட டிரிக்கருக்கானவை. என் இரண்டு கட்ட டிரிக்கரின் ஸ்பிரிங்குகள் வடிவத்திலும் பலத்திலும் வேறு. அந்தத் தொகுப்பிலிருந்து எடுத்துப் போட்டால் உட்காரும் போலத் தோன்றும். நம்பிச் சுடக் கூடாது. டிரிக்கர் செய்தவர்களிடமே அதற்குரிய ஸ்பிரிங் செட்டை வாங்கினேன். ஹேமருக்கும் டிரிக்கருக்கும் உரிய 0.154 அங்குலப் பின்கள் மட்டும் பொதுவானவை; அவற்றில் ஒரு ஜோடி. ஸ்பிரிங் மாற்றினால் இழுவிசையும் மாறும். போட்டிக்கு முன் எடை தொங்கவிட்டுச் சோதிப்பார்கள் என்பதால், ஸ்பிரிங் மாற்றிய டிரிக்கரை எடை பார்க்காமல் மைதானத்துக்குக் கொண்டுபோவதில்லை. ஆக, ஸ்பிரிங் செட் அலமாரிக்கு, பின்கள் பைக்கு.

கேரியரைத் திரும்ப முன்னே தள்ளும் பஃபர் ஸ்பிரிங்கை வெளியே எடுத்து மேசையில் கிடத்தி நாடாவால் அளந்தேன். நீளக் கட்டை ரைபிளுக்கு 11¾ முதல் 13½ அங்குலம் வரை இருக்கலாம். குட்டைக் கார்பைனின் ஸ்பிரிங் இதைவிடக் குட்டை. இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. 11¾க்குக் கீழே இறங்கினால் குப்பை. என்னுடையது வரம்புக்குள் இருந்தது, ஆனால் கீழ்ப்பக்கத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. புதியது ஒன்று வாங்கி அலமாரியில் வைத்தேன்.

வாயுக் குழாயிலிருந்து வரும் வாயுவைக் கேரியருக்குள் விடும், கேரியரின் மேல் இருக்கும் கேஸ் கீயை உதிரியாக வாங்கவில்லை. அதன் இரண்டு திருகுகளும் உலோகத்தை அடித்து மடக்கிப் பூட்டப்பட்டிருக்கின்றன. நான் பார்ப்பதெல்லாம் அந்தப் பூட்டு நன்றாக இருக்கிறதா, கீக்கும் கேரியருக்கும் நடுவில் கரிக்கோடு தெரிகிறதா என்பதுதான். கரிக்கோடு இருந்தால் வாயு கசிகிறது. கேரியர் முழுதாகப் பின்னால் போகாது. அப்போது முழுக் கேரியரையும் மாற்றுவதே சரி. திருகை முறுக்கிச் சமாளிப்பதற்கு நான் எதிரி.

பேரலும் பெட்டியில் இடம்பெறாது. அதற்கு நோட்டுப் புத்தகம் போதும். 600 கெஜத்தில் துல்லியம் தேவைப்படுபவர்கள் .223 பேரலை ஏறத்தாழ 3,000 முதல் 5,000 தோட்டாக்களுக்குள் மாற்றிவிடுவார்கள். சுட்ட கணக்கை எழுதிவந்தால் எந்தக் குளிர்காலத்தில் புதியது வாங்க வேண்டும் என்று முன்பே தெரியும். பேரல் நட்டை 30 முதல் 80 அடி-பவுண்டு வரை முறுக்கி, வாயுக் குழாய் நேராகப் போகும்படி பொருத்தி, ஹெட்ஸ்பேஸ் அளந்து... அது முழு நாள் வேலை. வாயுக் குழாய் பொதுவாகப் பேரலின் ஆயுள் முழுக்க வரும். பேரல் மாற்றும்போது சேர்த்து மாற்றினால் போதும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது: மைதானத்தில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ரைபிளே அல்ல, மேகசீன். வாய்ப்பக்க உதடுகள் விரிந்தால் தோட்டா மூக்கைத் தூக்கி மாட்டிக்கொள்ளும். என் மேகசீன்கள் ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கிறேன். எந்த எண்ணில் தடங்கல் வந்தது என்று குறித்துவிட்டு, அதே எண்ணில் மறுபடி வந்தால் அதைப் பழுது பார்ப்பதில்லை, விலக்கிவிடுகிறேன். நம்பகமான இரண்டு கூடுதல் மேகசீன்கள் எந்த ஸ்பிரிங்கையும் விட மதிப்புள்ள உதிரி. சந்தேகம் வந்தால் முதலில் மேகசீனை மாற்று, அப்புறம் போல்ட்டைத் தொடு என்று கிளப்பில் புதிதாக வருபவர்களிடம் சொல்கிறேன்.

கருவிகளில் பைக்குப் போனவை: ஒரு சின்னப் பஞ்ச், ஸ்கோப் திருகுக்கான சாவி, உடைந்த கூட்டை அறையிலிருந்து இழுக்கும் கருவி, எண்ணெய், துப்புரவுக் கம்பி. கம்பி முக்கியம். எக்ஸ்ட்ராக்டர் விட்டுவிட்டு அறையில் தங்கிய கூட்டை வாய்ப்பக்கமிருந்து தள்ள அதைவிட வேறொன்று இல்லை.

பெட்டி என்றால் மீன் தூண்டில்காரர்கள் வைத்திருக்கும் அறைகள் பிரித்த பிளாஸ்டிக் பெட்டிதான். ஒவ்வோர் அறையிலும் ஒரு சீட்டு: பாகம், மாட்டிச் சோதித்த தேதி, அப்போது ரைபிளின் தோட்டாக் கணக்கு. இந்த ரைபிளில் ஒருமுறையாவது மாட்டி ஓட்டிப் பார்க்காத பாகம் அந்தப் பெட்டிக்குள் போவதில்லை. கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை "இருக்கட்டும்" என்று திரும்பப் பெட்டியில் போடுவதும் இல்லை. மடக்கி ஒடித்துக் குப்பையில் போட்டுவிடுகிறேன். புதியதும் பழையதும் கலந்துவிட்டால் அவசரத்தில் எதை எடுக்கிறோம் என்றே தெரியாது.

ஊருக்குப் போகும்போது இந்தப் பெட்டி அமெரிக்காவில் பூட்டிய அலமாரியிலேயே இருக்க வேண்டும். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம்தான். அமெரிக்காவிலிருந்து வெளியே கொண்டுபோவதற்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன. மைதானத்துக்கு எடுத்துப்போகும் பையையே பயணப் பையாகவும் பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு உறையையும் காலி செய்து, தலைகீழாக உதறிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மடிப்பில் ஒளிந்த ஒரு காலிக் கூடுகூட விமான நிலையத்தில் தொல்லை தரும்.

என் பெட்டியில் இப்போது காலியாக இருப்பது கேஸ் ரிங் அறைக்குப் பக்கத்தில் ஒன்றுதான். எக்ஸ்ட்ராக்டரை இன்னும் ஒன்று வாங்கி, ஸ்பிரிங், செருகு எல்லாம் சேர்த்துத் தயாராகப் பொருத்தி அங்கே வைக்கப்போகிறேன். மைதானத்தில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவதை விட மொத்தமாகக் கழற்றி மொத்தமாக மாட்டுவது வேகமாக இருக்கும். வந்ததும் முதல் வேலை, அதைப் பயிற்சியில் ஓட்டிப் பார்ப்பது.